பின்னக் கணக்கை அடுப்பங்கரையில் சொல்லித் தர முடியுமா?

ஆறாவது படிக்கும் மகள் பின்னங்களை நன்றாகப் போடுகிறாள், அதையே வாக்கியமாகக் கேட்டால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டிலும் போன வருஷம் இதே கூத்துதான்.

முக்கால் படி அரிசி இருக்கிறது, ஒரு வேளைக்கு அரைக்கால் (1/8) படி போட்டால் எத்தனை வேளைக்கு வரும்? பையன் பெருக்கி 3/32 என்று எழுதியிருந்தான். வகுக்கச் சொன்னால், "ஆறு வருதும்மா. வகுத்தா கொறையத்தானே செய்யணும்?" என்றான். நியாயமான கேள்வி.

பரணில் கிடந்த மாமியாரின் படியையும் ஆழாக்கையும் இறக்கினேன். எட்டு ஆழாக்கு ஒரு படி. அதனால் அரைக்கால் படி என்பது ஓர் ஆழாக்கு. படி நிறைய அரிசி போட்டு, கால் படியை எடுத்துவிட்டு, மீதியை அவனையே முகக்கச் சொன்னேன். தலை தட்டி அளக்க வேண்டும். கோபுரமாக அளந்தால் கணக்கு உதைக்கும். ஆறு தடவை முகந்தான். வகுப்பது என்றால் எத்தனை தடவை முகக்கலாம் என்று பார்ப்பது, அவ்வளவுதான். 'தலைகீழாக்கிப் பெருக்கு' எல்லாம் அப்புறம் வரட்டும்.

நம் பேச்சிலேயே பாதிக் கணக்கு இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது 1/2 × 1/4. முக்கால் என்றால் மூன்று கால்: தொகுதி 3, பகுதி 4. இதைச் சொன்னதும் அவனே 'அரையரைக்கால்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தான். அதுதான் 1/16, மாகாணி என்றேன்.

வாக்கியக் கணக்கில் காலை வாருவது 'மீதியில்' என்ற சொல். ஒரு லிட்டர் ரேஷன் பாமாயிலில் கால் பங்கு மீன் வறுக்கப் போயிற்று, மீதியில் மூன்றில் ஒன்று வடைக்கு. எவ்வளவு மிஞ்சும்? 1/4, 1/3 இரண்டையும் ஒன்றிலிருந்து கழித்தால் 5/12 வரும், தப்பு. மீதி 750 மில்லி, அதில் 250 போனால் அரை லிட்டர் நிற்கும்.

மூன்றில் ஒன்றுக்குப் படியும் ஆழாக்கும் உதவாது, அவை பாதி பாதியாகத்தான் போகும். அதற்கு இட்லிக் குண்டான்தான். தட்டுக்கு 4 குழியாக மூன்று தட்டு, 12 இட்லி. 1/3 என்றால் ஒரு தட்டு, 4 இட்லி. 1/4 என்றால் தட்டுக்கு ஒன்றாக 3 இட்லி. இரண்டையும் கூட்டினால் 7/12. பொதுப் பகுதி ஏன் 12 என்று நான் சொல்லவே இல்லை, அவனே எண்ணிவிட்டான். எண்ணிய ஏழில் மூன்றைத் தின்றும் விட்டான்.