லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள், பிளாக் சபாத்: யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

கேள்வி: 1970களின் இந்த மூன்று பிரிட்டிஷ் ராக் பேண்டுகளை எப்படி ஒப்பிடுவீர்கள்? ஒருவரை ஒருவர் காப்பி அடித்தார்களா? புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிக்கும்போது கழித்துக்கொள்ளுங்கள். நான் சபாத் கட்சி. பேண்டாக எது முழுமையானது என்று கேட்டால் செப்பெலினுக்குத்தான் கை தூக்குவேன். மேடையில் யார் வாசித்துக் கேட்க வேண்டும் என்றால் பர்ப்பிள். ஆனால் புதிதாக ஒன்றைச் செய்தவர்கள் என்று பார்த்தால் சபாத்துக்குப் பக்கத்தில் மற்ற இருவரும் வர முடியாது.

காப்பி விவகாரத்துக்கு வருவோம். இருப்பதிலேயே சுவாரசியமான பகுதி அதுதான்.

மூன்றுமே 1968இல் இங்கிலாந்தில் முளைத்தவை. சபாத் மட்டும் வேறு பெயர்களில் சுற்றிவிட்டு 1969இல்தான் இப்போதைய பெயருக்கு வந்தது. மூவரும் வளர்ந்தது ஒரே சூழலில். சிகாகோ ப்ளூஸ் இசைத்தட்டுகள், குறிப்பாக மடி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப், இவர்களுக்கெல்லாம் பாட்டு எழுதிக் கொடுத்த வில்லி டிக்ஸன். பிறகு அந்த ப்ளூஸை ஆம்ப்ளிஃபயர் அதிர வாசித்துக் காட்டிய யார்ட்பேர்ட்ஸ், கிரீம், ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். பர்ப்பிளின் ஆரம்பக் கனவே அமெரிக்காவின் வெனில்லா ஃபட்ஜ் மாதிரி ஆக வேண்டும் என்பதுதான். செப்பெலின் அமெரிக்காவில் முதல் கச்சேரி செய்தது 1968 டிசம்பர் 26 அன்று டென்வரில். அன்றைக்கு அது அதே வெனில்லா ஃபட்ஜுக்கு முன்னால் வாசிக்கிற பேர் தெரியாத பேண்ட்.

பாடகர் தேடலில்கூட செப்பெலினும் பர்ப்பிளும் தட்டியது ஒரே கதவை. டெர்ரி ரீட் என்று ஓர் இளம் பாடகர். கிதார்காரர் ஜிம்மி பேஜ் தன் புது பேண்டான செப்பெலினுக்கு அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். கைவசம் வேறு கச்சேரிகள் இருந்ததால் ரீட் மறுத்து, மிட்லாண்ட்ஸ் பக்கம் ராபர்ட் பிளாண்ட் என்று ஒருவன் இருக்கிறான், போய்ப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டார். அடுத்த வருடம் டீப் பர்ப்பிளும் அவரைக் கேட்டது. அதற்கும் முடியாது என்றார். அந்த இடத்துக்கு வந்தவர் இயன் கில்லன். ராக் வரலாற்றில் இரண்டு லாட்டரிச் சீட்டைக் கிழித்துப் போட்ட மனிதர் என்று ரீட்டைச் சொல்வார்கள். அவரே பிரமாதமான பாடகர் என்பது அந்தக் கதையில் அடிபட்டுப் போகிறது.

இப்போது செப்பெலினின் கடன் கணக்கு. பேஜும் பேஸ் கிதார் வாசித்த ஜான் பால் ஜோன்ஸும் லண்டன் ஸ்டூடியோக்களில் கூலிக்கு வாசித்துத் தேர்ந்தவர்கள். அடுத்தவன் பாட்டை ஐந்து நிமிடத்தில் மெருகேற்றிக் கொடுப்பது அவர்கள் தொழில். சொந்த ஆல்பங்களிலும் அந்தக் கை ஓயவில்லை. 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் வரிகள், மடி வாட்டர்ஸுக்காக வில்லி டிக்ஸன் எழுதிய 'யூ நீட் லவ்' பாட்டிலிருந்து வந்தவை. நடுவில் ஸ்மால் ஃபேசஸ் என்ற பேண்டும் அதைத் தன் பெயரில் போட்டிருந்தது. பிளாண்ட் அந்த ஸ்மால் ஃபேசஸ் பாடகரின் ரசிகர். டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்டு, 1987இல் சமரசமானது. இன்று அந்தப் பாட்டில் அவர் பெயரும் இருக்கிறது. 'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' ஜேக் ஹோம்ஸ் என்பவர் 1967இல் வெளியிட்ட பாட்டு. முதல் ஆல்பத்தில் பேஜ் பெயர் மட்டும். ஹோம்ஸ் 2010இல்தான் வழக்குக்குப் போனார். 'பிளாக் மவுண்டன் சைட்' என்ற கிதார் துண்டு பெர்ட் ஜான்ஷ் வாசித்த பழைய நாட்டுப்பாடலின் அமைப்பைத் தழுவியது. அதில் கூடவே கேட்கும் தபலா விராம் ஜசானியுடையது.

எல்லோரும் பேசுவது 'ஸ்டேர்வே டு ஹெவன்' வழக்கைத்தான். ஸ்பிரிட் பேண்டின் 'டாரஸ்' வாத்திய இசையிலிருந்து எடுத்தது என்ற புகார். 2016இல் ஜூரி செப்பெலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2020இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. எனக்கும் அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. கீழிறங்கும் அந்த மாதிரி சுர வரிசை யார் வீட்டுச் சொத்தும் இல்லை. டிக்ஸன், ஹோம்ஸ் விஷயத்தில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அப்புறம் ஏன் அவர்களை முழுமையான பேண்ட் என்கிறேன்? 'வென் த லெவி பிரேக்ஸ்' கேளுங்கள். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி மெம்ஃபிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பாடியது. (இதில் மின்னியின் பெயரை ஆல்பத்திலேயே போட்டார்கள்.) ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பெரிய வீடு. அதன் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படி மேலிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அதுவரை ராக் ஒலிப்பதிவில் மைக்கை டிரம்ஸ் பக்கத்தில் ஒட்டி வைப்பதுதான் வழக்கம். இங்கே நம் காதில் விழுவது டிரம்ஸ் மட்டும் கிடையாது, அந்தக் கூடமும் சேர்ந்துதான். பின்னாளில் ஹிப்ஹாப் காரர்கள் அந்தத் தாளத்தை எத்தனை முறை வெட்டி எடுத்திருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

பர்ப்பிள் ஆட்கள் எடுத்ததை ஒளிக்கவும் மெனக்கெடவில்லை. 'பிளாக் நைட்' பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு), ரிக்கி நெல்சன் 1962இல் பாடிய 'சம்மர்டைம்' பாட்டின் பேஸ் வரி. 'சைல்ட் இன் டைம்' கதை இன்னும் வேடிக்கை. சான் ஃபிரான்சிஸ்கோவின் இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே பேண்ட் 1969இல் 'பாம்பே காலிங்' என்று ஒரு வயலின் துண்டு வெளியிட்டிருந்தது. பர்ப்பிளின் ஜான் லார்ட் அதை ஆர்கனில் மெதுவாக வாசித்துப் பார்த்ததில் பிறந்ததுதான் 'சைல்ட் இன் டைம்'. அந்த பேண்டும் சும்மா இருக்கவில்லை, பர்ப்பிளின் 'ரிங் தட் நெக்' பாட்டை எடுத்து வேறு பெயரில் தங்கள் அடுத்த ஆல்பத்தில் போட்டுக்கொண்டது. கணக்கு நேராகிவிட்டது.

பர்ப்பிளின் தனித்தன்மை லார்டின் ஹேமண்ட் ஆர்கனில் இருக்கிறது. வழக்கமாக ஆர்கனுக்கு வைக்கும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரை விட்டுவிட்டு, கிதாருக்கான மார்ஷல் ஆம்பில் இணைத்தார். ஆர்கனே கிதார் மாதிரி உறுமத் தொடங்கியது. அதற்குச் சரிக்குச் சரி நின்று கிதார்காரர் ரிச்சி பிளாக்மோர் பதில் வாசிப்பார். நம் கச்சேரிகளில் வயலினும் மிருதங்கமும் மல்லுக்கட்டுவதை ரசிக்கிறவர்களுக்கு 'மேட் இன் ஜப்பான்' உடனே பிடித்துப்போகும். 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவானது. ராக் மேடைப் பதிவுகளில் அதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன்.

'ஸ்மோக் ஆன் த வாட்டர்' இல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் அடி விழும். 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ. மறுநாளிலிருந்து பர்ப்பிள் ஆல்பம் பதிவு செய்யப் போகிற கசினோவில் ஃபிராங்க் ஸப்பா கச்சேரி நடந்தது. கூட்டத்தில் ஒருவன் ஃபிளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட, கட்டடமே எரிந்து போனது. ஏரி மேல் புகை படர்ந்ததைப் பார்த்து பேஸ் கிதார்காரர் ரோஜர் குளோவர் பிடித்த தலைப்பு அது. கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலின் நடைகூடங்களில் மெத்தைகளைச் சாய்த்து வைத்து 'மெஷின் ஹெட்' ஆல்பத்தை முடித்தார்கள். பதிவுக் கருவிகள் இருந்தது ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டூடியோ லாரியில். ஹெட்லி கிரேஞ்ச் வாசலில் செப்பெலினுக்காக நின்றதும் அதே லாரிதான்.

அந்த ரிஃபை ஒரே கம்பியில் தட்டுகிறார்கள் கிதார் கடைப் பையன்கள். பிளாக்மோர் இரண்டு கம்பிகளைச் சேர்த்து, பிளெக்ட்ரம் (கம்பியை மீட்டும் சிறு தகடு) இல்லாமல் விரலால் இழுத்து வாசிப்பார். அப்படி வாசித்துப் பாருங்கள், ஒலியே மாறும்.

இனி சபாத். பர்மிங்காம், ஆஸ்டன். கிதார்காரர் டோனி அயோமி இடது கைக்காரர், கம்பியை அழுத்துவது வலது கை. 17 வயதில், தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலைக்கு முழுக்குப் போடுகிற கடைசி நாளன்று, இயந்திரத்தில் அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. மேலாளர் ஒருவர் ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகும் ஜாஸ் கிதாரில் கொடிகட்டிப் பறந்தவர் ரைன்ஹார்ட். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். கனமான கம்பியை அழுத்த முடியாததால் மெல்லிய கம்பிகள் போட்டார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குச் சுருதியையே சி ஷார்ப் வரை இறக்கினார். கம்பி தளர்ந்ததும் ஒலி கனத்தது. ஹெவி மெட்டல் என்ற வகையின் அடிநாதமே அங்கிருந்துதான் வருகிறது.

அவர்களும் ப்ளூஸ் பேண்டாகத்தான் தொடங்கினார்கள். முதல் ஆல்பத்தில் அடுத்தவர் பாட்டுகள் இரண்டு உண்டு. ஆனால் தலைப்புப் பாட்டில் என்ன நடக்கிறது பாருங்கள். கீஸர் பட்லர், ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'மார்ஸ்' இசையைப் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார். அயோமி அதிலிருந்து மூன்றே சுரத்தில் ஒரு ரிஃப் பிடித்தார். நம் கணக்கில் சட்ஜம், மேல் சட்ஜம், அப்புறம் பிரதி மத்யமம். அவ்வளவுதான். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அந்த ஆல்பம் வெளியானது. ஒரே நாளில் பதிவு செய்தது.

செப்பெலினைப் பார்த்து எடுத்தார்களா? ஒரு இடத்தில் ஆமாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'பாரனாய்ட்' ரிஃபைக் கேட்டதும், இது செப்பெலினின் 'கம்யூனிகேஷன் பிரேக்டவுன்' மாதிரி இருக்கிறதே, வேண்டாம் என்று பட்லர் தயங்கினாராம். ஆல்பத்தில் இடம் நிரப்ப அவசரமாகச் செய்த பாட்டு அது. பிரிட்டனில் 4ஆம் இடம் வரை போனது.

விமர்சகர்கள் அன்று இரண்டு பேரையும் ஒரே கோலால் அடித்தார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை செப்பெலினின் முதல் ஆல்பத்தை ஜெஃப் பெக் குரூப்பின் நிழல் என்றது, சபாத்தை கிரீமின் மட்டமான நகல் என்றது. முதலாவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 'யூ ஷுக் மீ' பாட்டை பெக் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார், அதிலும் ஆர்கன் வாசித்தவர் ஜான் பால் ஜோன்ஸ்!

போட்டி என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டாலும் ஆட்கள் சொந்தக்காரர்கள் மாதிரிதான் இருந்தார்கள். அயோமியின் முதல் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழன் பான்ஹாம். பிளாக்மோர் 1975இல் பர்ப்பிளை விட்டு ரெயின்போ ஆரம்பித்தபோது ரோனி ஜேம்ஸ் டியோவைப் பாட வைத்தார். அந்த டியோ 1979இல் சபாத்தின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் இடத்துக்கு வந்தார். 1983இல் கில்லனே சபாத்தின் பாடகர் ஆனார். அந்தச் சுற்றில் பிளாக் சபாத் மேடையில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' வாசித்தது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனாலும் ஒரு முறை கேளுங்கள். 1993இல் பர்ப்பிளின் பழைய பாடகர் டேவிட் கவர்டேலும் பேஜும் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டார்கள். பிளாண்டைப் போலப் பாடுகிறார் என்று கவர்டேல் வாங்கிய திட்டுக்கு அதைவிட நல்ல பதில் இருக்க முடியாது.

எங்கே தொடங்கலாம்? சத்தம் பிடிக்குமா என்று சந்தேகம் இருந்தால் செப்பெலினின் நான்காவது ஆல்பம், 1971. வாத்தியம் வாசிக்கிறவர் என்றால் நேராக 'மேட் இன் ஜப்பான்'. மெட்டாலிகாவோ வேறு மெட்டலோ ஏற்கெனவே கேட்கிறவர் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் இறங்கலாம், பாதி பாட்டு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருக்கும். அதோடு மடி வாட்டர்ஸின் 'யூ நீட் லவ்' பாட்டையும் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள், 'ஹோல் லாட்டா லவ்'வுக்கு முன்னால் வரும்படி.