செல்விக்கு மட்டும் ஏனுங்க கம்மியா வருது?

கேள்வி: அண்ணா, திருப்பூர்ல எங்களுது சின்ன பவர் டேபிள் யூனிட்டுங்க, 14 டெய்லரு, எல்லாம் பீஸ் ரேட்டு. எக்ஸல்ல ஏ-ல தேதி, பி-ல பேரு, சி-ல ஓவர்லாக்கா பேட்லாக்கான்னு தையல் வகை, டி-ல பீஸ், இ-ல ரூவா. ஆளுக்கு எவ்வளவுன்னு சம்இஃப்ல (SUMIF, ஒரு நிபந்தனைக்குக் கூட்டறது) வந்துருது, இந்த வாரத்துக்கு மட்டும்னு சம்இஃப்எஸ் (SUMIFS, பல நிபந்தனைக்கு) போட்டா பூஜ்யம். செல்விக்கு சம்இஃப்லயே 600 ரூவா கம்மியா காட்டுது. சனிக்கிழமையானா நோட்டுல கூட்டித்தான் சம்பளம் குடுக்கறேனுங்க.
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: நீங்க அனுப்புன ஃபார்முலாவப் பாத்தேனுங்க. சம்இஃப்ல கூட்டவேண்டிய ரூவா கடைசீல வரும், சம்இஃப்எஸ்ல அதுதான் முதல்ல வரோணும், ஒரு எஸ் சேந்ததுக்கு ஏன் இப்படித் தலைகீழா வெச்சாங்களோ, 2007 எக்ஸல்ல இது வந்ததுலருந்து நானும் எத்தன தடவ ஏமாந்திருக்கேன். நீங்க இ-க்கு பதிலா பி-ய முதல்ல வெச்சதுல அது பேரைப் போய்க் கூட்டிட்டிருக்குது, பேரைக் கூட்டுனா என்ன வரும்! ஜி1-ல திங்கக்கெழம தேதி, ஜி2-ல சனிக்கெழம தேதி வெச்சுட்டு இப்படிப் போடுங்க:

=SUMIFS(E:E, B:B, "செல்வி", A:A, ">="&G1, A:A, "<="&G2)

ஜி1 மேற்கோளுக்கு வெளிய இருக்கோணும், நடுவுல அந்த & குறி. உள்ள போயிருச்சுன்னா ஜி1-ங்கற எழுத்தத்தான் தேடும், மறுபடியும் பூஜ்யம்.

அப்பவும் வரலீன்னா தேதியப் பாருங்க. நம்மாளுக நோட்டுல எழுதற பழக்கத்துல 5.4.25-னு புள்ளி வெச்சு அடிப்பாங்க, நம்மூரு செட்டிங்ல எக்ஸல் அதத் தேதின்னு எடுத்துக்காது. செல்லுல இடதுபக்கம் ஒட்டி நின்னா அது வெறும் எழுத்து, வலதுபக்கம் நின்னா தேதி. ஏ காலத்த மட்டும் செலக்ட் பண்ணி கன்ட்ரோல் ஹெச் அடிச்சு புள்ளிக்கு பதிலா சின்னக்கோடு (-) போட்டா திரும்பிரும், ஆனா கம்ப்யூட்டர் அமெரிக்கா செட்டிங்ல இருந்தா ஏப்ரல் 5 மே 4 ஆயிருமுங்க, மொதல்ல அதப் பாத்துக்குங்க.

செல்வி கத வேற. எங்கியோ நாலஞ்சு வரியில பேருக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, எக்ஸலுக்கு அது வேற ஆளு. "செல்வி*"-னு நட்சத்திரம் போட்டா அதையும் சேத்துக்கும்தான், செல்வியம்மான்னு இன்னொருத்தர் இருந்தா அவங்க கூலியும் இதுலயே வந்து விழும், சனிக்கெழம சாயங்காலம் உங்க டேபிள்ல பெரிய பஞ்சாயத்து ஆயிரும். பக்கத்து காலத்துல =TRIM(B2) போட்டு (அந்த ஸ்பேஸ எடுத்துரும்) கீழ வரைக்கும் இழுத்து, வர்றத வேல்யூவா பி-லயே ஒட்டிருங்க. இனிமே பேரை அடிக்கவே வேண்டாம், டேட்டா வேலிடேஷன்ல 14 பேரையும் லிஸ்ட்டா வெச்சு எடுத்துக்குங்க.