டப்பா வாங்குவதற்கு முன்: கேள்வி பதில்

பதினோரு வாடகை வீடு மாறியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சாமானைக் கட்டினதும் பிரிச்சதும் நான்தான். அதைத் தவிர எனக்கு வேற தகுதி இல்ல. பெயின்ட், திரைச்சீலை, அலங்காரம் கேட்டா பதில் வராது. சாமானை எங்க வைக்கறதுன்னு கேளுங்க, சொல்றேன்.

புதுக்குடித்தனம்: அக்கா, ஒரே ரூம், ஒரே அலமாரி. குறைஞ்ச செலவுல எந்த டப்பா செட் வாங்கலாம்?

ஒண்ணும் வாங்காதீங்க. முதல்ல ஒரு தட்டை மட்டும் காலி பண்ணி தரையில பரப்புங்க. முழு அலமாரியையும் ஒரே நாள்ல இறக்கினா ராத்திரி படுக்க இடம் இருக்காது, பட்டவ சொல்றேன். ஒரே வேலைக்கு ஆகறதை ஒண்ணாச் சேருங்க. அப்புறம் டேப்பை எடுத்து தட்டோட அகலம், ஆழம், உயரம் மூணையும் எழுதி வைங்க. அகலத்தை உள்ளே ஓரத்துக்கு ஓரம் அளக்காதீங்க. கதவைத் திறந்து வெச்சு, கீல் போக மிச்சம் இருக்கற வழியை அளங்க. 45 செ.மீ. தட்டுக்கு 15 செ.மீ. டப்பா மூணு வாங்கிட்டு வந்தவ நான். கணக்கு சரி. கீல் 2 செ.மீ. தின்னுடுச்சு. மூணாவது டப்பா இன்னிக்கும் துணி கிளிப் போடத்தான் ஆகுது.

அளந்தப்புறமும் கடைக்கு ஓடாதீங்க. செருப்பு வந்த அட்டைப்பெட்டியை வெச்சு ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. எடுத்த சாமான் சொல்லாமலே அந்தப் பெட்டிக்குத் திரும்பினா இடம் சரி. மேஜை மேலயே கிடந்தா இடத்தை மாத்துங்க, பெட்டியை இல்ல. தட்டு ரொம்ப ஆழமா? பின்வரிசை கண்ணுக்கே படாது. நீளமான ட்ரேயில அடுக்கி வைங்க, இழுப்பறை மாதிரி முழுசா வெளிய இழுத்துக்கலாம். ஈரம் படுற இடத்துல மட்டும் அட்டை வேண்டாம். மடிப்புக்குள்ள கரப்பான் குடியேறும்.

சின்ன சமையலறை: பிளீச், கழிவறை கழுவற திரவம் எல்லாத்தையும் பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி வெச்சா ஒரே வரிசையா நிக்குது. நல்ல யோசனைதானே?

இல்லவே இல்ல. குழந்தை மட்டுமில்ல, ராத்திரி தாகத்துல எழுந்த பெரியவங்களும் குடிச்சுடுவாங்க. வந்த பாட்டில்லயே, லேபிளோட, குழந்தை கைக்கு எட்டாம இருக்கட்டும். பிளீச்சும் அமிலம் கலந்த கழிவறை திரவமும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் பதம் பார்க்கும். ரெண்டையும் வேற வேற இடத்துல வைங்க.

மாடிவீட்டுக்காரி: அலமாரித் துணியில ஒரு பூஞ்சண வாடை. பாச்சை உருண்டை போடலாமா?

அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நிக்குதா? ஒரு 5 செ.மீ. முன்னாடி இழுங்க, பின்னாடி காத்து போகட்டும். துணியை நெருக்கித் திணிக்காதீங்க, முழுசாக் காயாததை உள்ள வைக்கவே வைக்காதீங்க. பாச்சை உருண்டை பூச்சிக்கு. ஈரத்துக்கு அது ஒண்ணும் செய்யாது. கைக்குழந்தை துணி பக்கத்துல அது வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்சைம் குறைவா இருக்கற குழந்தைன்னா அந்த உருண்டையில இருக்கற நாப்தலீன் பட்ட துணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சுடலாம்.

அவசரம்: எந்த டப்பா நல்லது?

முதல் பதில்.

கணக்குப்பிள்ளை: வட்ட டப்பாவா, சதுர டப்பாவா?

அப்பாடா, டப்பாவைப் பத்தி ஒரு நல்ல கேள்வி! சதுரத்துக்குள்ள வட்டத்தை வெச்சா இடத்துல சுமார் 78.5 சதவீதம்தான் நிறையும். அஞ்சுல ஒரு பங்கு சும்மா போகுது. காசு குடுத்து வாங்கினா சதுரம்தான். ஜாம் தீர்ந்த பாட்டில் சும்மா கிடைச்சா வட்டமா இருந்தா என்ன, வைங்க. உள்ளே இருக்கறது தெரியணுமான்னும் சிலர் கேட்டிருந்தீங்க. 1926-ல ஜெர்மனியில சின்ன வீடுகளுக்குன்னு மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கிங்கற கட்டடக் கலைஞர் வடிவமைச்ச பிராங்க்பர்ட் சமையலறையில சாமான் போட்ட அலுமினிய இழுப்பறை ஒண்ணுலயும் உள்ள பார்க்க முடியாது. மேல பேர் மட்டும் இருக்கும். மாவுக்கு மட்டும் ஓக் மர இழுப்பறை, புழு அண்டாதுன்னு. பேர் எழுதின காகிதம் கண்ணாடி டப்பாவை விட மலிவு.

அவசரம்: அப்ப பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

அளந்தாச்சா? அதைச் சொல்லுங்க முதல்ல.

சேமிப்புச்செல்வன்: ஒரு வருஷம் தொடலேன்னா தூக்கிப் போடணுமாமே?

திரும்ப வாங்க வசதி இருக்கறவங்க சட்டம் அது. கைச்செலவுக்கே கணக்குப் பார்க்கற வீட்டுல, ரெண்டு வருஷம் தொடாத திருப்புளியைப் போட்டுட்டு மூணாவது வருஷம் காசு குடுத்து வாங்கறது புத்திசாலித்தனமா?

வெள்ளைச்சுவர்: ஒத்துக்க மாட்டேன் அக்கா. குப்பை சேர்க்க வழி சொல்றீங்க. அந்த இடத்துக்கும்தானே வாடகை குடுக்கறோம்?

நியாயம்தான். ஆனா திருப்புளி எத்தனை சதுர அடி தின்னும்? பெரிசா இருக்கறதுக்கு உங்க சட்டம், சின்னதுக்கு என் சட்டம்.

சேமிப்புச்செல்வன்: என்கிட்ட சார்ஜரும் வயரும் ஒரு பை நிறைய இருக்கு. எல்லாம் சின்னதுதான்!

தம்பி, நான் சொன்னதை வெச்சே என்னை மடக்கறீங்க. சரி, இப்படி வெச்சுக்குவோம்: வயருக்குன்னு ஒரே பெட்டி. அது நிறைஞ்சா, புதுசு உள்ள போகணும்னா பழசு ஒண்ணு வெளிய.

மூடியில்லாதவள்: மூடி இல்லாத டப்பா ஒன்பது, டப்பா இல்லாத மூடி பதினாலு. எதுல சேர்த்தி?

உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஜோடி போட்டுப் பாருங்க. மிஞ்சின டப்பாவை இழுப்பறைக்குள்ள தடுப்பா நிறுத்துங்க. மூடியில ரெண்டு செடித்தொட்டிக்கு அடியில போகட்டும். மிச்சத்தைப் போட்டுடுங்க.

வெள்ளைச்சுவர்: பார்த்தீங்களா! நீங்களே தூக்கிப் போடச் சொல்லிட்டீங்க.

மூடி விஷயத்துல நீங்க ஜெயிச்சீங்க. திருப்புளியை விட மாட்டேன்.

ரசீதுக்காரர்: வாரன்டி ரசீதெல்லாம் வெளுத்துப் போகுது.

வெப்பத்தாள் அது. சூடும் வெளிச்சமும் பட்டா எழுத்து போயிடும். வாங்கின அன்னிக்கே போட்டோ எடுத்துடுங்க.

அவசரம்: சரி அக்கா, அளந்துட்டேன். அகலம் 60. இப்ப என்ன டப்பா?

ஆழமும் உயரமும்?

சேமிப்புச்செல்வன்: பையைக் கொட்டிட்டேன். 17 சார்ஜர். இப்ப இருக்கற சாமானுக்குப் பொருந்தறது 4.

பரவாயில்லையே! 13-ஐ குப்பைத்தொட்டியில போடாதீங்க, மின்கழிவு வாங்கற இடத்துல குடுங்க. அதே பையில சதுர 9 வோல்ட் பேட்டரி கிடந்தா முனைகள் மேல டேப் ஒட்டிடுங்க. ரெண்டு முனையும் பக்கத்துலயே இருக்கு, சாவியோ ஆணியோ உரசினா தீப்பிடிக்கலாம். போன வீட்டுல என் டிராயர்ல ஒரு பேட்டரி சாவிக்கொத்தோட கிடந்து சூடேறினதை நான் கையாலயே தொட்டுப் பார்த்திருக்கேன்.