பார்வையில்லாதவர்களால் டிவி சீரியல் பார்க்க முடியுமா? என்ன வசதி தேவைப்படும்?

தாராளமாக முடியும். எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆனாலும் ராத்திரி சீரியலை அம்மாவோடு உட்கார்ந்து தவறாமல் பார்ப்பேன்.

சீரியல் முழுக்கப் பேச்சுதானே, காதால் கேட்டாலே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பேசிக்கொண்டிருக்கும்வரை சரி. எபிசோட் முடியும் இடத்தைக் கவனியுங்கள். கதவு திறக்கும், திடுக்கென்று இசை எழும், ஒவ்வொருவர் முகமாகக் காட்டுவார்களாம், 'தொடரும்' போட்டுவிடுவார்கள். வந்தது யார்? ஒருவரும் பெயரைச் சொல்லமாட்டார்கள். அம்மா அந்த நேரம் அடுப்படியில் இருந்தால் எனக்கு அன்றைய கதை அவ்வளவுதான்.

இதற்குத்தான் ஆடியோ டிஸ்கிரிப்ஷன். வசனம் இல்லாத இடைவெளியில், திரையில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்லும்: "வாசலில் மூத்த மருமகள், கையில் பெட்டி." தனி ஒலித்தடமாகக் கொடுத்தால் வேண்டியவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம். எழுதுகிறவர் "கோபப்படுகிறாள்" என்று முடிவைச் சொல்லாமல் "பல்லைக் கடிக்கிறாள்" என்று சொன்னால் போதும், மீதியை நானே புரிந்துகொள்வேன். மர்மமாக வைத்திருக்கும் ஆளின் பெயரை முன்கூட்டியே போட்டு உடைக்கவும் கூடாது. எழுதியதைப் பார்வையற்ற ஒருவர் கேட்டுத் திருத்துவது கட்டாயம் என்பேன்.

இது புதிய விஷயமும் இல்லை. அமெரிக்காவில் பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். டிவி நிலையம் இந்த விவரிப்புச் சேவையை 1990இலேயே தொடங்கிவிட்டது. 2015இல் நெட்ஃபிளிக்ஸ், பார்வையற்ற நாயகனைக் கொண்ட 'டேர்டெவில்' தொடரை விவரிப்பு இல்லாமலே வெளியிட்டது. பார்வையற்ற ரசிகர்கள் விடாமல் கேட்டதால் சில நாட்களிலேயே சேர்த்தார்கள்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில் ஆடியோ டிஸ்கிரிப்ஷனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2019இல் டிவிக்கு வந்த தரநிலைகள் காது கேளாதவர்களுக்கானவை. அவர்களுக்கு அது நியாயமாகச் சேர வேண்டியதுதான். 2024இல் தியேட்டர்களுக்கு வந்த வழிகாட்டுதலில் எங்களுக்கான விவரிப்பும் இருக்கிறது. வீட்டு டிவிக்கும் அது வந்தாக வேண்டும்.

தமிழ் சீரியலுக்கு இது ரொம்பவே பொருந்தும். இசையை மட்டும் ஓடவிட்டு முகங்களைக் காட்டும் அந்த நீண்ட நொடிகள் எல்லாம் விவரிப்புக்குத் தயாரான இடைவெளிகள். தினசரி எபிசோடை அவசரமாக முடித்து அனுப்புவதால் நேரம் இல்லை என்றால், ஆப்பில் ஏற்றும் பதிப்பில் முதலில் சேர்க்கலாம். அப்புறம் இன்னொன்று: அந்த ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவும் ரிமோட்டும் பேச வேண்டும். இல்லாவிட்டால் அதைப் போட்டுவிடவும் அம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.