பஞ்சு ஏன் கரைய மறுக்கிறது?

கேள்வி: இலிதியம் குளோரைட்டு என்ற உப்பைச் சேர்த்த டைமெதில் அசெற்றமைட்டு என்ற கரைப்பானில் உலர்ந்த பஞ்சை இட்டால் கரையாமல் கிடக்கிறது. என்ன செய்யலாம்?
– இரசாயனவியல் மாணவி, வெள்ளவத்தை

பதில்: பஞ்சின் முக்கிய பொருளான செலுலோசின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் இறுகியிருப்பதால், கரைப்பான் உள்ளே நுழைய முதலில் வழி திறக்க வேண்டும். பஞ்சை ஓரிரவு நீரில் ஊறவிட்டு வீங்கச் செய்து, வடித்து, மெதனோலாலும் பின்னர் டைமெதில் அசெற்றமைட்டாலும் பல தடவை கழுவி, நீரை முற்றாக அகற்றுங்கள். எஞ்சும் நீர் இலிதியம் அயனைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு, பஞ்சு கரைவதைத் தடுக்கும். இடையில் உலர்த்தவே வேண்டாம்: திறந்த நுண்துளைகள் மீண்டும் மூடி, பட்ட பாடெல்லாம் வீணாகும். அதன் பின்னரே சுமார் 8 சதவீத இலிதியம் குளோரைட்டு கொண்ட டைமெதில் அசெற்றமைட்டில் இட்டுக் கலக்குங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் இலிதியம் குளோரைட்டு விரைவாக நீரை உறிஞ்சும் என்பதால், அதை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். மெதனோல், டைமெதில் அசெற்றமைட்டு ஆகிய இரண்டு கரைப்பான்களும் நஞ்சு; காற்றை வெளியே இழுக்கும் கூண்டினுள் மட்டுமே வேலை செய்யுங்கள்.