கதவில் ‘அவசர உத்தரவு’ ஒட்டிவிட்டால் வீட்டை இடித்துவிட முடியுமா?

கேள்வி: காரைக்குடி பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பதினோரு புள்ளிகளுக்கு (பங்குக் குடும்பங்களுக்கு) பாத்தியம். இரண்டு புள்ளி மலேசியாவில். என் ஆத்தா (வயது 74) மட்டும் முகப்புப் பக்கம் குடியிருக்கிறார். போன வார மழையில் இரண்டாம் கட்டு (முகப்புக்குப் பின்னால் உள்ள பகுதி) சுவர் ஒரு பாகம் சந்துக்குள் சரிந்துவிட்டது. மறுநாளே கதவில் நோட்டீஸ்: ‘அவசர உத்தரவு. 3 நாட்களுக்குள் காலி செய்து முழு வீட்டையும் இடித்து அகற்ற வேண்டும். தவறினால் பேரூராட்சியே இடித்துச் செலவை வசூலிக்கும். 144 தடையை மீறியதாக வழக்குத் தொடரப்படும்.’ சந்துப் பாதையையும் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். வந்த போலீஸ்காரர் ‘காலி பண்ணலேன்னா கைது’ என்று சொன்னாராம். ஆத்தா பயந்துபோயிருக்கிறார். என்ன செய்வது?
— வாசகி, சென்னை

பதில்: அம்மா, முதலில் ஆத்தாவை இன்றைக்கே பக்கத்தில் பங்காளி வீட்டுக்கோ உறவுக்காரர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். நோட்டீஸுக்குப் பயந்து அல்ல. ஒரு பாகம் சரிந்த பிறகு மீதிச் சுவர் எந்த நேரத்திலும் வரலாம். பூச்சு வழவழவென்று இருப்பதை வைத்து உள்ளே ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒதுங்கியிருப்பதால் அவருடைய உரிமையோ அனுபவ பாத்தியமோ போய்விடாது. ‘பாதுகாப்புக்காகத் தற்காலிகமாக வெளியே இருக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி செயல் அலுவலரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நோட்டீஸுக்கு வருவோம். அடியில் கையெழுத்துப் போட்டது யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று பாருங்கள். ‘அவசர உத்தரவு’ என்ற தலைப்பு தனியாக எந்த அதிகாரத்தையும் கொடுத்துவிடாது. அரசியல் சாசனம் சொல்லும் நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்கிறவர் குடியரசுத் தலைவர். பேரூராட்சிக்கு இருப்பது சட்டம் எழுதிக் கொடுத்த அளவு அதிகாரம்தான். ஆனால் அதையும் குறைவாக எடைபோட வேண்டாம். இடிந்து விழக்கூடிய கட்டடத்தைப் பழுது பார்க்கவோ, பாதுகாப்பு செய்யவோ, இடிக்கவோ சொல்லும் அதிகாரம் உள்ளாட்சி நிர்வாகத்துக்கு உண்டு. 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டம் பேரூராட்சிக்கும் பொருந்தும். சந்துப் பாதையைக் கயிறு கட்டி அடைத்தது நியாயமான காரியம். அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

144 விஷயம் வேறு. பேரூராட்சிச் செயல் அலுவலர் அந்தத் தடையைப் போட முடியாது. மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், அரசு தனியாக அதிகாரம் கொடுத்த நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) ஆகியோர்தான் போடலாம். உங்கள் பகுதிக்கு அது தேவகோட்டைக் கோட்டம். அதோடு 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144, அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 163-ஆம் பிரிவாகிவிட்டது. அந்தத் தடை உத்தரவு எழுத்தில், காரணத்தோடு இருக்க வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது. பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்து மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம். அக்டோபர் கடைசியில் காளையார்கோவில், பசும்பொன் நிகழ்ச்சிகளை ஒட்டி நம் பக்கம் போடுகிறார்களே, அந்தத் தடைதான் இது. உங்கள் நோட்டீஸோடு அப்படி ஒரு உத்தரவின் நகல் இல்லையென்றால் அந்த வரி வெறும் மிரட்டல்.

உங்கள் வீட்டுக்குச் சரியான பிரிவு, அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 152. விழக்கூடிய கட்டடம் பற்றியே பேசும் பிரிவு அது. கோட்டாட்சியர் நிபந்தனை உத்தரவு போடுவார்: ‘இத்தனை நாளுக்குள் செய், இல்லை வந்து காரணம் சொல்.’ இதில் நீங்கள் அடிக்கோடு போட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அகற்றுவது மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் முட்டுக் கொடுப்பதையும் அந்தப் பிரிவு சேர்த்தே சொல்கிறது. இரண்டாம் கட்டில் ஒரு சுவர் சரிந்ததற்கு முகப்பு, வளவு (நடு முற்றப் பகுதி), பட்டாலை (கூடம்) எல்லாவற்றையும் தரைமட்டமாக்கு என்பது தேவைக்கு மீறிய உத்தரவு. உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரில் பார்க்க நிபுணரை அனுப்பச் சொல்லியும் நடுவரிடம் கேட்கலாம். ஆனால் உத்தரவு வந்தபின் செய்யவும் இல்லை, போய்ச் சொல்லவும் இல்லை என்றால் அது உறுதியாகிவிடும். அப்புறம் அரசே செய்து, செலவை உங்கள் சொத்தை விற்றுக்கூட வசூலிக்கலாம்.

பெருமழை, வெள்ளம் என்று வந்தால் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையிலான மாவட்ட ஆணையம் ஆபத்தான கட்டடத்தை இடிக்க உத்தரவிடலாம். அதை நியாயமான காரணமின்றி மீறினால் ஓராண்டு வரை சிறை. அதைக் கேள்வி கேட்க உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோதான் போக வேண்டும். உங்கள் நோட்டீஸில் அந்தச் சட்டத்தின் பெயர் இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

கைது என்று சொன்னதைப் பற்றி. அரசு ஊழியர் உத்தரவை மீறுவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 223-ஆம் பிரிவில் வருகிறது. உயிருக்கு ஆபத்து விளைந்தால்கூட அதிகபட்சம் ஓராண்டு, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட வேண்டிய குற்றம். உத்தரவு போட்ட அதிகாரியோ, அவருடைய மேலதிகாரியோ, அவர் அதிகாரம் கொடுத்த வேறு அரசு ஊழியரோ எழுத்தில் புகார் கொடுக்காமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. இதற்கு முன்பு இருந்த தண்டனைச் சட்ட 188-ஆம் பிரிவில் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது என்று 2018-ல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஆத்தாவுக்கு 74 வயது. மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயது தாண்டியவரை டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 35(7). இதை ஆத்தாவிடம் போனில் நிதானமாகச் சொல்லுங்கள். அந்த வயதில் வாசலில் நின்று கைது என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை.

உறவினர்கள் இரண்டு வாதங்களைச் சொல்வார்கள். செட்டிநாடு யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கிறது, தொட முடியாது என்பார்கள். அந்தப் பட்டியல் தனி வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் தருவதில்லை. இடிக்க 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொன்னதே என்பார்கள். தீர்ப்பு உண்மைதான். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளை புல்டோசரால் இடித்த விவகாரத்தில் வந்தது அது. விழப்போகிற சுவருக்கு அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முழு வீட்டை மூன்றே நாளில் இடிப்பதற்கு எதிராகத் துணை வாதமாக வைக்கலாம்.

பதினோரு புள்ளியும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போடும்வரை காத்திருக்க வேண்டாம். பாத்தியமுள்ள ஒருவர் பதில் கொடுத்தாலே போதும். வீட்டைக் காப்பாற்றச் செய்த நியாயமான செலவில் மற்றவர்களின் பங்கைப் பின்னால் கேட்டு வாங்கவும் வழி இருக்கிறது. பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

நாளைக்கே ஒரு கட்டட அமைப்புப் பொறியாளரை, சுண்ணாம்புக் கட்டடம் தெரிந்த கொத்தனாரோடு அனுப்பி, எந்தச் சுவர் நிற்கும், எது நிற்காது என்று எழுத்தில் வாங்குங்கள். சந்துப் பக்கம் முட்டுக் கொடுங்கள். அந்த அறிக்கையையும் போட்டோக்களையும் இணைத்து, ‘சரிந்த பாகத்தை நாங்களே இறக்கிவிடுகிறோம், மீதியைப் பழுது பார்க்க அவகாசம் தாருங்கள்’ என்று செயல் அலுவலருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். கெடு முடிவதற்குள் பதில் வரவில்லை என்றாலோ ஜே.சி.பி. வந்து நின்றாலோ, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு அன்றைக்கே லஞ்ச் மோஷனில் (அவசர விசாரணையாக) எடுத்துக்கொள்ளக் கேட்கலாம்.

எந்தப் பாகத்தை இறக்கினாலும், அதற்கு முன்னால் தேக்குத் தூண், நிலை, கதவு, உத்திரம், ஆத்தங்குடிக் கல் எல்லாவற்றையும் எண்ணி, போட்டோ எடுத்து, மகஜர் (பொருள் பட்டியல்) எழுதி, வந்திருக்கும் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். சுவர் பேரூராட்சி செலவில் இறங்கினாலும் அந்த மரம் உங்களுடையது.