கதையை அனுப்பினேன், கையெழுத்து எதுவும் போடவில்லை

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் தனியார் பள்ளி ஆசிரியர் நான். கடைமடைக்குத் தண்ணீர் வராத ஒரு வருடத்தைப் பற்றி முழுத் திரைக்கதை எழுதினேன். நாயகன் ஒரு லஸ்கர், அதாவது வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடும் பணியாளர். ஷட்டர் சாவியை யாராவது எடுத்தால் சத்தம் கேட்கட்டும் என்று மகளின் பழைய கொலுசை அதில் கட்டி வைத்திருப்பார். இரண்டு வருடம் முன்பு ஓர் உதவி இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பினேன். சென்னை போய்த் தயாரிப்பாளரிடமும் கதை சொன்னேன். 25,000 ரூபாய் அட்வான்ஸ் வந்தது; ஒப்பந்தம் இல்லை. இப்போது வெப் சீரிஸாக டிரெய்லர் வந்திருக்கிறது. கொலுசுகூட இருக்கிறது, என் பெயர் இல்லை. கதையை எங்கும் பதியவும் இல்லை. எனக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. பதியாததற்காக மனம் உடைய வேண்டாம். 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு எழுதியபோதே உரிமை வந்துவிடுகிறது. பதிவு கூடுதல் சாட்சி, அவ்வளவுதான். அட்வான்ஸ் வாங்கியதாலும் கதை கைமாறிவிடாது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும் என்கிறது 19ஆம் பிரிவு.

சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கடைமடை காய்வதும், மேல்மடைக்காரர்களோடு தகராறு வருவதும் நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்தது. அதை யார் வேண்டுமானாலும் படமாக்கலாம். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: கருவுக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, இரண்டு படைப்புகளையும் பார்த்தவருக்கு ஒன்று மற்றதன் நகல் என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். அந்த வழக்கைப் போட்ட நாடக ஆசிரியர் தோற்றுப்போனார். உங்களுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

அதனால் 'என் கதையைத் திருடிவிட்டார்கள்' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். தண்ணீர்ப் பஞ்சம் ஊருக்கே பொது, கொலுசு உங்களுடையது. ஒரு நோட்டில் இடது பக்கம் உங்கள் காட்சி எண், வசனம். வலது பக்கம் டிரெய்லரில் அது வரும் நிமிடம், வினாடி. கொலுசு மாதிரி இன்னும் நாலைந்து தேறினால் வழக்கு நிற்கும். ஒத்துப்போகாத இடங்களையும் எழுதுங்கள், எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

அப்புறம், பிடிஎஃப் அனுப்பிய போனை மாற்றாதீர்கள், அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். அவர்கள் கைக்கு ஸ்கிரிப்ட் போனதற்கு அந்த பிடிஎஃப் அனுப்பிய தேதிதான் ஆதாரம். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கும், மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழைச் சேர்க்க வேண்டும். அட்வான்ஸ் வந்த வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்து வையுங்கள்.

வழக்குக்குச் சென்னை போக வேண்டியதில்லை. எழுதியவர் தான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். டிரெய்லர் வந்தும் சும்மா இருந்துவிட்டு வெளியீட்டுக்கு முந்தைய நாள் ஓடினால், தடை கொடுக்க நீதிபதி தயங்குவார். நஷ்டஈட்டோடு டைட்டில் கார்டில் உங்கள் பெயரையும் கேளுங்கள். உரிமையை விற்ற பிறகும் எழுதியவர் என்ற உரிமை 57ஆம் பிரிவுப்படி உங்களிடமே இருக்கும்; நீங்களோ விற்கவே இல்லை.

ஃபேஸ்புக்கில் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம், அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும். நோட்டீஸ் போனதும் பழைய அட்வான்ஸுக்கு ஒரு ரசீது வேண்டும் என்று யாராவது தாளோடு வரலாம். நடுவில் ஒரு வரியில் 'கதை உரிமை முழுவதும்' என்று இருக்கும். வக்கீல் படிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.